கயிறு சொன்னால் சரி

ஆழ்வார்பேட்டையில் ஒரு சபாவுக்குள் நட்ட நடுப்பகலில் அரிசி மழை பெய்ததற்குத் தணிகைநாதன்தான் காரணம். இதில் மற்றவர்களுக்கு என்ன, அவனுக்கே சந்தேகம் கிடையாது. எடைக்குக் கட்ட வேண்டிய மணல் மூட்டைகளை வீட்டு வாசலில், செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், மறக்கக்கூடாது என்று வைத்து, மறந்துவிட்டு வந்தவன் அவன். கேன்டீன் காண்டிராக்டரைக் கெஞ்சிக் கூத்தாடி இரண்டு மூட்டை பொன்னி அரிசியை இரவல் வாங்கியவனும் அவனே. "சாப்பாட்டுக்கு முன்னாடி திருப்பிக் குடுத்துடறேண்ணே" என்று அவன் கொடுத்த வாக்கு ஒருவகையில் பலிக்கவும் செய்தது. சாப்பாட்டுக்கு முன்னாலேயே அரிசி திரும்பி வந்துவிட்டது. மூட்டையாக வரவில்லை, அவ்வளவுதான்.

நடந்தது இது. மேடைக்கு மேலே குறுக்காக ஒரு கனத்த மூங்கில். அதன் இந்தப் பக்கம் கயிற்றில் இமெல்டா. ஒரு கால் மடங்கி, ஒரு கால் நீண்டு, கண்ணை மூடிக்கொண்டு, பறக்கக் கிளம்பி நடுவில் மனசு மாறிய கொக்கு மாதிரி அந்தரத்தில் மிதந்துகொண்டிருந்தாள். மூங்கிலின் அந்தப் பக்கம் அவளுக்குச் சமமாக அரிசி. கயிறு முழுக்க மெல்லிய பச்சை வெளிச்சம். கயிற்றின் மீதி வாலைப் பிடித்துக்கொண்டு தணிகை அவளுடைய வலது கைப்பக்கம் கடைசிச் சுற்றைச் சுற்றப் போனான். பச்சை மங்கியது, மஞ்சளடித்தது, சிவந்தது. முக்கால் மணி நேரம் பாடுபட்டுப் போட்ட முடிச்சுகள் அத்தனையும் வெந்நீரில் போட்ட சேமியா மாதிரித் துவண்டன.

இமெல்டாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தக் கயிறு அவிழும்போதும் மரியாதையாகத்தான் அவிழும். ஆளைப் பதமாக மெத்தையில் இறக்கிவிடும். அரிசி மூட்டைக்கு அந்த மரியாதையெல்லாம் சொல்லிக்கொடுக்கப்படவில்லை. அது மேடை விளிம்பில் வந்து மோதி, வாய் பிளந்து, முன்வரிசையை நோக்கி நீரூற்றாகப் பீய்ச்சியது. முன்வரிசை நடுவில் சிறப்பு விருந்தினர் மங்கையர்க்கரசி உட்கார்ந்திருந்தார். மேடைப் பாதுகாப்பு வாரியத்தின் கண்காணிப்பாளர். 'கலையும் பாதுகாப்பும்' என்ற தலைப்பில் பேச வந்தவர்.

பிறகு, எல்லா மார்கழிக்கும் முதல் வரிசை ஓரத்து நாற்காலியைத் தன் பெயருக்கு எழுதி வாங்கியவர்போல் வந்து உட்காரும் பத்மாசனி மாமி, மடியில் விழுந்த அரிசியை ஒரு கை அள்ளினார்.

"அட்சதை! பேஷ், பேஷ்! இப்படி ஒரு முடிவை நான் எதிர்பார்க்கவே இல்லை" என்று மேடையை நோக்கி வீசினார்.

அவ்வளவுதான். அரங்கமே அள்ளி வீச ஆரம்பித்துவிட்டது. மெத்தையில் கிடந்த இமெல்டா எழுந்து, கலைந்த முடியோடு, இது இப்படித்தான் திட்டமிட்டது என்கிற முகத்தோடு கைகூப்பினாள். தணிகையும் கூப்பினான். அவன் உள்ளங்கைகள் வேர்த்து ஒட்டிக்கொண்டதை யாரும் பார்க்கவில்லை. அரிசிக்கு ஒதுங்குகிற வேலையில் இருந்தார்கள்.

ஷிபாரி சென்னைக்கு வந்து சேர்ந்த கதையும் ஏறக்குறைய இதே லட்சணம்தான். ஓர் ஆளைக் கயிற்றால் கட்டி, அந்தக் கட்டையே கோலமாக, சிற்பமாக, நடனமாக ஆக்குகிற ஜப்பானிய வித்தை அது. முதலில் வந்தபோது, ஆளைக் கட்டிப்போடுவதெல்லாம் ஒரு கலையா என்று ஊரே பொங்கியது. பிறகு யாரோ ஒரு விமர்சகர், கயிற்றின் சுற்றுகளுக்குள் ஒரு தாளம் ஓடுகிறது என்று எழுதித் தொலைத்தார். ஒரு விஷயத்துக்குத் தாளம் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் சென்னையால் அதை வெளியே நிற்க வைக்க முடியாது. மார்கழியில் இடம் கொடுத்தார்கள். பகல் பன்னிரண்டு மணி, அனுமதி இலவசம், கேன்டீன் பக்கத்துக் கதவு திறந்தே இருக்கும். தன் ரசிகர்களில் முக்கால்வாசிப் பேர் பந்தியில் இடம் பிடிக்க வந்தவர்கள் என்பது தணிகைக்குத் தெரியும். இருந்தாலும் பத்மாசனி மாமி தொடையில் தாளம் போட்டபடி, "அந்த மூணாவது சுத்துல கொஞ்சம் அவசரப்பட்டுட்டேள்" என்று சொல்லும்போது அவனுக்கு உண்மையாகவே வெட்கமாக இருக்கும். ஏனென்றால் அவசரப்பட்டிருப்பான்.

அப்புறம் உணர்கயிறு வந்தது.

சணல் இழைகளுக்கு நடுவே முடியைவிட மெல்லிய வேறு இழைகள். தோலில் பட்ட இடத்திலெல்லாம் அவை துடிப்பைப் படிக்கும், வேர்வையைப் படிக்கும், தசையின் நடுக்கத்தைப் படிக்கும். உடம்பு சரி என்றால் பச்சை. வேண்டாம் என்றால் சிவப்பு, கட்டு தானாக அவிழும். வாய்விட்டு மறுக்கத் தயங்குகிறவர்களுக்காக யாரோ நல்ல மனசோடு கண்டுபிடித்தது. மேடையில் அது இல்லாமல் ஒருவரைக் கட்டக்கூடாது என்று சட்டமே வந்தது. தணிகை அன்று கைதட்டி வரவேற்றான்.

அதற்கு முன்னெல்லாம் ஒவ்வொரு சுற்றுக்கும், கட்டுகிறவன் காதோரம் குனிந்து "சரியா?" என்று கேட்பான். கட்டப்படுகிறவர் அவன் விரலை ஒரு முறை அழுத்துவார். கயிறு வந்ததும் அந்தப் பழக்கம் போனது. கேட்கிறவனைக் கற்றுக்குட்டி என்றார்கள். கயிறுதான் பச்சையாக இருக்கிறதே, அப்புறம் என்ன கேள்வி?

மேடையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அந்த இழை ஊருக்குள் இறங்கியது. ஓட்டல் மேஜையில் பதித்தார்கள்; முழங்கையை ஊன்றினால் போதும், உங்களுக்கு இன்னொரு வடை வேண்டும் என்பது சமையலறைக்குத் தெரிந்துவிடும். தணிகை அப்படிக் கேட்காத வடைகள் பலவற்றைத் தின்று, இடுப்பில் சுமந்துகொண்டிருந்தான். ஆபீஸ் நாற்காலியில் பதித்தார்கள். கல்யாண மாலையில்கூடப் பதித்தார்கள். யாரும் யாரையும் எதுவும் கேட்க வேண்டியதில்லை என்கிற நிலைமைக்கு நாடு முன்னேறியது.

அரிசி மழை ஓய்ந்ததும் திரைக்குப் பின்னால் மங்கையர்க்கரசி கொண்டையிலிருந்து அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"அரிசியை நான் பெரிசுபடுத்தல. கயிறு சிவந்ததைத்தான் பெரிசுபடுத்தியாகணும்" என்றார். "போன மாசம் ஒண்ணு, இன்னைக்கு ஒண்ணு. ஒரே ஜோடிக்கு ரெண்டு மறுப்பு. மூணாவது மறுப்பு வந்தா நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து எந்த மேடையும் ஏற முடியாது. எப்பவும்."

"மேடம், இவ்வளவு வருஷமா..."

"வருஷத்தை நான் எண்ணல தம்பி. மறுப்பைத்தான் எண்ணுவேன்." இமெல்டாவின் பக்கம் திரும்பினார். குரல் கொஞ்சம் இளகியது. "ஒரு வழி இருக்கும்மா. கட்டப்படறவங்க வாயால சொன்னா கயிறு சொன்னது செல்லாது. விதியிலேயே இருக்கு. இதுவரைக்கும் ஒருத்தரும் அதைத் தொட்டதில்ல. ஆனா உடம்பு எப்படி இருக்குன்னு ஒண்ணு விடாம, மறைக்காம சொல்லணும்."

"மேடம், உங்க காதுக்குப் பின்னாடி ஒரு பருக்கை இருக்கு" என்றாள் இமெல்டா.

"இது பச்சரிசிம்மா. பருக்கை இல்ல."

"வெந்தா பருக்கைதான மேடம்."

மங்கையர்க்கரசி சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டு, தோற்று, போய்விட்டார். தணிகை இமெல்டாவிடம் திரும்பினான்.

"கை எப்படி இருக்கு?"

"இருக்கு. ரெண்டு."

இந்தக் கேள்வியை அவன் ஒரு வருஷமாகக் கேட்கிறான். போன மார்கழியில், இதே மேடையில், வலது மேற்கையில் அவன் போட்ட ஒரு சுற்று ஒரு விரல்கடை கீழே இறங்கிவிட்டது. கயிறு ஆனந்தமாகப் பச்சை எரிந்துகொண்டிருந்தது. இறக்கி அவிழ்த்தபோது அவள் மணிக்கட்டு தண்டொடிந்த கீரை மாதிரித் தொங்கியது. கையைத் தூக்கச் சொன்னால் தூக்க முடியவில்லை. நரம்பு அழுந்திவிட்டது, வந்துவிடும் என்றார் டாக்டர். வாரக்கணக்கில் ஆனது, மறுபடி மேடை ஏறப் போன மாசம்வரை ஆனது. ஒருநாள் அந்தக் கையாலேயே அவன் முதுகில் ஓங்கி ஒரு அறை விட்டு, "வந்துடுச்சுயா" என்றாள். அவன் அழுததற்கு மிளகாய்ப்பொடியின் மேல் பழி போட்டான். அன்றிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறான். அவளும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறாள்: கை இருக்கு. கை நல்லா இருக்கு, காலுக்குத்தான் பொறாமை. கையைக் கேட்டா கையே சொல்லும், என்னை ஏன் கேக்கற? ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவளிடம் நேரான பதில் வாங்குவதற்குள் கடல் வற்றிவிடும் என்று தணிகைக்குத் தோன்றும்.

இப்போது கயிறு நேராகவே பதில் சொல்லியிருந்தது. அதுவும் இரண்டு முறை.

மறுநாள் அவன் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு கிண்டிக்குப் போனான். அங்கே பக்ருதீன் பாயின் சர்வீஸ் சென்டர். இந்த இழைகளைப் பழுது பார்ப்பதில் அவர் கெட்டிக்காரர். கேட்ட கேள்விக்கு நேராக ஒரு வார்த்தை சொல்வதில்தான் மகா கஞ்சர். மேஜைமேல் ஒரு ரோஜா மாலை கிடந்தது, துணிப்பூ.

"கல்யாண மாலை சார்" என்றார் பாய். "முகூர்த்தத்துல சிவந்து அறுந்துடுச்சு. பொண்ணு வீட்ல கொண்டாந்து, இனிமே அறுகாத மாதிரி பண்ணிக்குடுன்னாங்க. நான் மாட்டேன்னுட்டேன்."

"நல்ல வேலை பண்ணீங்க பாய்."

"எங்க சார். நாலு நாள் கழிச்சு ரெண்டாவது முகூர்த்தம் வெச்சாங்க. இதே மாலை, பச்சை எரிஞ்சுதாம். பொண்ணு அழுது அழுது மரத்துப்போய் உக்காந்திருந்துச்சாம். கயிறு என்னத்தப் படிக்கும்? மறுப்பு கேக்கலன்னா அதுக்குப் பச்சைதான்." மாலையைச் சுருட்டி ஓரமாக வைத்தார். "இப்ப சும்மா சுத்தம் பண்ணக் குடுத்திருக்காங்க. ஷோகேஸ்ல வைக்கணுமாம். சரி, உங்களுக்கு என்ன?"

தணிகை கயிற்றைக் கொடுத்தான். பாய் அதை ஒரு பெட்டிக்குள் விட்டு, திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"யாருதுன்னு சொல்லக்கூடாது சார். சட்டம். பதிவு உடம்புக்காரங்களுக்குச் சொந்தம்."

"யாருதுன்னு எனக்குத் தெரியுமே. கட்டுல இருந்தது ஒருத்திதான."

பாய் திரையில் ஒரு கோட்டை விரலால் தடவினார்.

"நெஞ்சு படபடன்னு அடிச்சிருக்கு சார். ரயிலைப் பிடிக்க ஓடற மாதிரி. அம்மா மேல தொங்கறப்ப எப்படி இருப்பாங்க?"

"தூங்குவா. ஒரு தடவை குறட்டை வந்துடுச்சு. மாமி அதைத் தம்புரான்னு நினைச்சுட்டாங்க."

"அப்ப சரி."

"என்ன சரி?"

"நான் ஒண்ணும் சொல்லல சார். உள்ளங்கை வேர்வை நிறைய."

"அவளுக்குக் கை வேர்க்கவே வேர்க்காதே."

"அப்ப ரொம்ப சரி. நீங்க கட்டறப்ப கையுறை போடுவீங்களா? ரப்பர்ல குடுத்திருப்பாங்களே, கயிறோட."

"போன வருஷம் வரைக்கும் போட்டேன். மாமி, ஈ.பி. லைன்மேன் மாதிரி இருக்கேள்னாங்க. விட்டுட்டேன்."

பாய் பெட்டியை மூடினார். கயிற்றைச் சுருட்டி அவன் கையில் வைத்தார். சாதாரணமாகப் பில் போடாமல் மனிதர்களை வெளியே விடாதவர், அன்று பில்கூடப் போடவில்லை.

"கயிறுல ஒரு குறையும் இல்ல சார். நல்லா வேலை செய்யுது. யோசிங்க."

தணிகை பஸ்ஸில் நன்றாக யோசித்தான். சைதாப்பேட்டை தாண்டுவதற்குள் முடிவுக்கும் வந்துவிட்டான். இமெல்டாவுக்குத் தன்மேல் எவ்வளவு பயம் இருந்தால், தூங்குகிற மாதிரி நடித்துக்கொண்டே நெஞ்சு இப்படி அடித்திருக்கும்? வேர்க்கவே வேர்க்காத கைகூட வேர்த்திருக்கிறதே! இந்த அளவுக்கு அறிவுக்கூர்மை உள்ளவனை அரசாங்கம் ஏன் இன்னும் பயன்படுத்திக்கொள்ளவில்லை என்று பிற்பாடு அவன் பலமுறை வியந்ததுண்டு.

ராயபுரத்தில், மூடிப்போன ஐஸ் பேக்டரி ஒன்றின் மாடி அவர்களுடைய ஒத்திகைக்கூடம். இமெல்டா தரையில் காலை நீட்டிக்கொண்டு, டம்ளர் டீயும் பட்டர் பிஸ்கட்டுமாக இருந்தாள். அவன் எதிரே நின்றுகொண்டு, வழியெல்லாம் ஒத்திகை பார்த்த பேச்சைப் பேசினான். அவளுடைய பயம் அவனுக்குப் புரிகிறது என்றான். அவள் வேறு யாரோடும் மேடை ஏறலாம், அவன் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டான் என்றான். பாய் சொன்ன துடிப்பு, வேர்வை, கையுறை எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னான். கையுறைக்கு வந்தபோது இமெல்டாவுக்கு டீ மூக்கு வழியாக வந்தது.

"என்னம்மா சிரிக்கற? நான் இங்க உடைஞ்சுபோய்ப் பேசறேன்."

தரையில் புரண்டாள். ஒருவழியாக எழுந்து, கண்ணைத் துடைத்து, கயிற்றின் ஒரு நுனியை அவன் வெறுங்கையில் வைத்தாள்.

"பிடிச்சுக்கோ."

பிடித்தான். பச்சை எரிந்தது.

"இப்ப போன மார்கழியை நினை. மேற்கை. அந்தச் சுத்து."

அவன் நினைக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அது எப்போதும் அங்கேயேதான் இருந்தது. கயிறு நுனியிலிருந்து நுனிவரை சிவந்து, அவன் உள்ளங்கையில் செத்த பாம்பாகத் துவண்டது. இமெல்டா அதைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், புருவத்தை உயர்த்தினாள்.

தணிகை மெதுவாகத் தரையில் உட்கார்ந்தான்.

கயிற்றுக்கு யார் தோல் என்ற பேதம் கிடையாது. கட்டுகிறவனைப் படிக்க வேண்டாம் என்பதற்காகத்தான் கையுறையே கொடுத்தார்கள். லைன்மேன் கதை பாதி உண்மைதான். மீதி உண்மை, அவள் கை சில்லிட்டுப் போகிறதா என்று தன் விரலாலேயே தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது அவனுக்கு. அதனால்தான் கழற்றிப் போட்டான். இரண்டு முறையும் வேண்டாம் என்றது அவன்தான்.

"உனக்குப் பயமா இருந்தா சொல்லக்கூடாதா லூசு?"

"என்னை யாரு கேட்டா?" என்றான். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு உண்மை என்று பட்டது. கட்டுகிறவனுக்கு விருப்பம் இருக்கிறதா என்று சட்டமும் கேட்கவில்லை, சபாவும் கேட்கவில்லை. கேட்டது இந்தச் சணல் ஒன்றுதான். "கை எப்படி இருக்கு இமெல்டா? நிஜமா?"

ஒரு கணம் அவள் முகத்தில் எதுவோ வந்து நின்றது. உடனே பட்டர் பிஸ்கட்டை எடுத்து அவன் வாயில் திணித்தாள்.

"நாளன்னைக்கு ஷோவுக்கு மேடம் வராங்க. கையுறையைப் போட்டுக்கினு வா. பச்சை எரியும். கதை முடிஞ்சுது."

மூன்றாவது நிகழ்ச்சிக்கு அரங்கம் நிரம்பி வழிந்தது. அரிசி விழுந்த செய்தி பரவியிருந்தது. பலர் அட்சதை வாங்கிப்போகப் பையோடு வந்திருந்தார்கள். மணல் மூட்டைகள் இம்முறை முந்தின நாளே வந்து சேர்ந்துவிட்டன. கேன்டீன் காண்டிராக்டர் எதற்கும் இருக்கட்டும் என்று அரிசி அறையைப் பூட்டி, சாவியோடு ஐந்தாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். முன்வரிசையில் மங்கையர்க்கரசி, கொண்டைக்கு மேல் சால்வையைப் போர்த்தியபடி.

தணிகை கையுறையோடு மேடைக்கு வந்தான்.

"லைன்மேன் திரும்ப வந்துட்டார்" என்றார் பத்மாசனி மாமி, எல்லோருக்கும் கேட்கும்படி.

முதல் சுற்று இடுப்பில். பச்சை. இரண்டாவது, தோளுக்குக் குறுக்கே. பச்சை. இமெல்டா கண்ணை மூடிக்கொண்டாள். மாமி தாளத்தில் விழுந்தார். கயிறு நாற்று வயல் மாதிரிச் செழிப்பாக எரிந்தது. இப்படியே போனால் அரை மணியில் கைதட்டல், அப்புறம் பந்தி, அப்புறம் இன்னும் எத்தனையோ மார்கழி. ரப்பருக்குள்ளே அவன் விரல்கள் நனைந்துபோயிருந்தன. அதைப் படிக்க ஆளில்லை.

வலது மேற்கைக்கு வந்தான்.

கயிற்றை வைத்தான். பச்சை. சும்மா ஒரு விரல்கடை கீழே இறக்கிப் பார்த்தான், அந்தப் பழைய இடத்துக்கு. அப்போதும் பச்சை. போன மார்கழியிலும் இதே பச்சைதான். அவனுக்குக் கிண்டி மேஜையில் கிடந்த துணிப்பூ மாலை ஞாபகம் வந்தது. மறுப்பு கேட்கவில்லை என்றால் அதற்குப் பச்சைதான்.

அவன் நிறுத்தினான். மாமியின் தாளம் தனியாக இரண்டு தட்டுத் தட்டிவிட்டு நின்றது.

பல்லால் கடித்து இழுத்து இரண்டு கையுறைகளையும் கழற்றிப் போட்டான். வெறுங்கையால் கயிற்றைப் பிடித்தான். மஞ்சள்கூடக் காட்டாமல் அது நேரே சிவந்தது. இமெல்டா இன்னும் தரையில்தான் நின்றிருந்தாள். கட்டு அத்தனையும் நழுவி அவள் காலைச் சுற்றி விழுந்தது. அவள் கண்ணைத் திறந்தாள்.

"யோவ்! இன்னாயா பண்ணி வெச்சிருக்க?" என்றாள் உதட்டை அசைக்காமல்.

மங்கையர்க்கரசி எழுந்து நின்றார். "மூணு" என்றார். அவருக்கே அது பிடிக்கவில்லை என்பது குரலில் தெரிந்தது.

"மேடம், அந்த மறுப்பு அவளுது இல்ல. மூணும் என்னுது" என்றான் தணிகை. "எனக்குப் பயமா இருக்கு. போன வருஷத்துலேர்ந்து பயமா இருக்கு."

"கட்டறவருக்கு விதியில இடமே இல்லையே தம்பி."

"தெரியும் மேடம். அவளுக்கு இருக்குன்னீங்களே, வாயால சொன்னா செல்லும்னு. நான் ஒரு கேள்வி கேட்டுக்கலாமா?"

"மேடைல நின்னுண்டு என்ன கேள்வி?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"கேக்கட்டும், விடுங்கோ" என்று மாமி திரும்பி அதட்டினார். "ரசம் ஒண்ணும் ஆறிடாது."

தணிகை அவளை நோக்கித் திரும்பினான். காதோரம் குனிந்து, பழைய நாட்களில் செய்வதுபோல், தன் விரலை அவள் வலது கைக்குள் வைத்தான்.

"கை எப்படி இருக்கு?"

"இருக்குயா. ரெண்டும் இருக்கு. எண்ணிப் பாரு."

அரங்கம் சிரித்தது. அவனுக்கும் சிரிப்பு வந்தது. அதுதான் அவளிடம் பெரிய தொந்தரவு. சிரித்து முடித்தான். போகவில்லை. அங்கேயே நின்றான். ஜோக் அடிக்க அவனுக்கும் நாலைந்து வாயில் வந்தன, ஒவ்வொன்றாக விழுங்கினான். கேன்டீனில் யாரோ கரண்டியைக் கீழே போட்ட சத்தம் கேட்டது. காலடியில் கயிறு எந்த நிறத்தில் கிடந்தது என்று யாரும் பார்க்கவில்லை.

"இமெல்டா" என்றான் மறுபடி. "கை எப்படி இருக்கு?"

அவள் மங்கையர்க்கரசியைப் பார்த்தாள். மாமியைப் பார்த்தாள். மூங்கிலை அண்ணாந்து பார்த்தாள். பிறகு அவன் விரலை விட்டுவிட்டு, வலது கையைத் திருப்பி, புறங்கையை அவன் கண்ணுக்கு நேராக நீட்டினாள்.

"கட்டைவிரலுக்குப் பின்னாடி, இதோ, இவ்ளோ எடம் செத்துப்போச்சுயா. போன மார்கழிலேர்ந்து. சுட்டாலும் தெரியாது, நீ தொட்டாலும் தெரியாது. சொன்னா இவங்க மேடை ஏத்த மாட்டாங்கன்னு பயம். நீ கயித்தப் போட்டுட்டு ஓடிடுவியோன்னு அதைவிடப் பயம். வலது கையைக் கட்டாத. மீதியெல்லாம் கட்டு. எனக்கு வேணும்."